ஒழுகுவது ஓரிடம், நுழைவது வேறிடம்: மோட்டார் வீட்டு வண்டியின் கூரை ஏ.சி.யும் மழைநீரும்



சென்ற மாதம் எமது வானொலியின் வாகனப் பராமரிப்பு உரையில், கோடை விடுமுறைக்கு மோட்டார் வீட்டு வண்டியை ஆயத்தம் செய்வது பற்றிப் பேசியிருந்தேன். உரை முடிந்த பின்னர் வந்த தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் கேட்டன. "மழை பெய்தால் கூரை ஏ.சி.யடியாலை தண்ணி ஒழுகுது. என்ன செய்யிறது?" பதினைந்து நிமிட வானொலி நேரத்துக்குள் அடங்காத விடயம் என்பதால் அதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

நான் ஒன்ராறியோவில் இந்த வண்டிகளைத் திருத்தும் பட்டறை ஒன்றில் பல ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். எங்கள் குடும்பங்களில் பல, இரண்டு மூன்று வீட்டாராகக் காசு சேர்த்துப் பாவித்த வண்டியொன்றை வாங்குகின்றன. வயது போன அம்மா, அப்பாவைத் தூர இடங்களுக்குக் கூட்டிச் செல்ல இதைவிட வசதியானது வேறில்லை. படுக்கலாம், சமைக்கலாம், கழிவறையும் கூடவே வருகிறது. ஆனால் அந்த வண்டியின் சுவரும் கூரையும் பெரும்பாலும் மெல்லிய மரம், பிளைவூட், நுரைப்பலகை ஆகியவற்றால் ஆனவை. ஒரு சிறிய ஒழுக்கை இரண்டு மாரிகள் கவனிக்காமல் விட்டால், சேர்த்த காசு முழுவதும் உக்கிப்போகும். அதனால் இதைச் சின்ன விடயம் என்று எண்ண வேண்டாம்.

முதலில் நினைவில் வைக்க வேண்டியது இதுதான். தண்ணீர் விழுகிற இடத்தை அடைக்க அவசரப்படாதீர்கள். தண்ணீர் நுழைகிற இடத்தைத் தேடுங்கள். ஊரில் ஓட்டு வீட்டில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. முகட்டுக்குக் கிட்ட ஓர் ஓடு வெடித்திருக்கும். தண்ணீர் கைமரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே ஓடி வந்து, சுவர்க்கரையில் இருக்கிற கட்டிலின் மேல் சொட்டும். கட்டிலுக்கு நேர் மேலே இருக்கிற ஓட்டை மாற்றினால் ஒழுக்கு நிற்காது. வண்டிக் கூரையிலும் இதே கதைதான்.

ஏ.சி.யடியில் ஏன் சொட்டுகிறது?

கூரையின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பல வண்டிகளில் கூரையின் மேற்பரப்பு ஈ.பி.டி.எம். எனப்படும் றப்பர் விரிப்பு அல்லது ரீ.பி.ஓ. எனப்படும் பிளாஸ்ரிக் விரிப்பு. சிலவற்றில் ஃபைபர்கிளாஸ் அல்லது அலுமினியம். அதன்கீழ் மெல்லிய பிளைவூட், அதற்கும் கீழே மர அல்லது அலுமினியச் சட்டங்கள், அவற்றின் இடையில் நுரைப்பலகை, கடைசியாக நீங்கள் உள்ளேயிருந்து காணும் உட்கூரைத் தகடு.

இந்த அடுக்குகள் எல்லாவற்றையும் துளைத்து ஏறத்தாழ 14 1/4 அங்குலச் சதுரமாக ஒரு வாசல் வெட்டப்பட்டிருக்கும். அதன்மேல்தான் ஏ.சி. உட்காருகிறது. ஏ.சி.க்கும் கூரைக்கும் இடையில் நுரைறப்பரால் ஆன சதுர வளையம் ஒன்று இருக்கும். அதைக் கஸ்கற் என்பார்கள். ஏ.சி.யைக் கூரையில் ஆணி அடித்துப் பூட்டுவதில்லை. உள்ளே இருக்கிற உலோகச் சட்டத்திலிருந்து நான்கு நீண்ட போல்ற்றுகள் மேலே போய், ஏ.சி.யைக் கீழே இழுத்துப் பிடிக்கின்றன. அந்த இழுவையில் கஸ்கற் நசுங்கி, தண்ணீர் புகாமல் காக்கிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். வண்டியின் உட்கூரை முழுவதும் மூடிய தகடு. அதில் வெட்டப்பட்ட மிகப்பெரிய ஓட்டைகளில் ஒன்று இந்த ஏ.சி. வாசல். கூரையின் வேறெந்த மூலையிலாவது நுழைந்த தண்ணீர், அடுக்குகளுக்கு இடையில் ஓடி ஓடி, வெளியேற வழி தேடும்போது முதலில் காண்பது இந்த வாசலைத்தான். ஆகவே குற்றம் ஏ.சி.யின் தலையில் விழுகிறது. உண்மையில் குற்றவாளி சில அடிகள் தள்ளி இருக்கலாம்.

மழைநீரின் அளவையும் கணக்கிட்டுப் பாருங்கள். 1 சதுர மீற்றர் பரப்பில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 1 லீற்றர் தண்ணீர். 8 மீற்றர் நீளமும் 2.5 மீற்றர் அகலமும் உள்ள வண்டிக் கூரையின் பரப்பு 20 சதுர மீற்றர். 25 மில்லிமீற்றர் மழைக்கு அதன்மேல் 500 லீற்றர் தண்ணீர் விழுகிறது. அதில் நூறில் ஒரு பங்கு உள்ளே போனாலும் 5 லீற்றர். ஒரு மழைக்கே இவ்வளவு.

மூன்று வகைத் தண்ணீர்

ஏ.சி.யடியில் சொட்டும் தண்ணீர் மூன்று வழிகளில் வரலாம். எது என்று அறியாமல் கை வைக்கக் கூடாது.

முதலாவது, ஏ.சி. தானே உண்டாக்கும் தண்ணீர். வெக்கையும் ஈரப்பதனும் கூடிய நாளில் குளிர்ந்த குழாய்களின் மேல் காற்றிலுள்ள ஈரம் படிந்து தண்ணீராகும். ஒரு நாளில் பல லீற்றர் சேரலாம். பெரும்பாலான ஏ.சி.களில் அது உள்ளே இருக்கிற ஒரு தட்டில் விழுந்து, சிறு துளைகளால் கூரைமேல் வடிந்து, ஓரத்தால் ஓடிவிடும். அந்தத் துளைகளை இலைச்சருகோ, குளவிக்கூடோ, தூசியோ அடைத்தால் தட்டு நிரம்பி உள்ளே வழியும். மழையே இல்லாத நாளில், ஏ.சி. ஓடும்போது சொட்டினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது, கஸ்கற்றால் வரும் மழைநீர். வண்டி ஓடும் அதிர்விலும் வருடக்கணக்கான நசிவிலும் கஸ்கற் மெலிந்து போல்ற்றுகள் தளரும். அத்தோடு ஏ.சி.யின் எடை பொதுவாக 35 முதல் 45 கிலோ. அந்தப் பாரத்தால் காலப்போக்கில் கூரை சற்றே பதியும். பதிந்த இடத்தில் தண்ணீர் குளமாகத் தேங்கும். தேங்கிய தண்ணீர் மட்டம் கஸ்கற்றுக்கு மேலே எழும்போது உள்ளே புகும். பலத்த மழை தொடங்கிச் சிறிது நேரத்துக்குள், வாசலின் நான்கு பக்கமும் அல்லது பள்ளமான ஒரு பக்கத்தில் சொட்டினால் இந்த வகையாக இருக்கலாம்.

மூன்றாவது, வேறிடத்தால் நுழைந்து இங்கே வந்து சேரும் மழைநீர். கூரையில் எத்தனை பொருட்கள் பூட்டப்பட்டிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். காற்றுப்போக்கி மூடிகள், கழிவுத்தொட்டியின் புகைக்குழாய், குளிர்சாதனப்பெட்டியின் மூடி, ரீ.வி. அன்ரெனா, குளியலறைக்கு மேலேயுள்ள வெளிச்சக் கண்ணாடி, ஏணி, முன்பக்க நெற்றியில் இருக்கும் சிறு விளக்குகள். ஒவ்வொன்றுக்கும் திருகாணித் துளைகள் உண்டு. முன் நெற்றித் தகடும் கூரையும் சேரும் பொருத்து, ஓரங்களில் ஓடும் அலுமினியப் பட்டி ஆகியவையும் ஒழுக்குக்குப் பேர்போன இடங்கள். ஓட்டுநரின் தலைக்கு மேலே கட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் வண்டி என்றால் அந்த முன்பகுதியை இரு மடங்கு கவனமாகப் பாருங்கள்.

ஏறுவதற்கு முன் எழுதுங்கள்

ஏணியை எடுப்பதற்கு முன் ஒரு கொப்பியை எடுங்கள். எப்போது சொட்டுகிறது? மழை பெய்யும்போதா, விட்ட பின்னரா, மறுநாளா? ஏ.சி. ஓடிக்கொண்டிருந்ததா? வண்டி நின்றதா, ஓடியதா? நின்றது என்றால் அதன் மூக்கு மேலே பார்த்ததா, கீழே பார்த்ததா? வாசலின் எந்தப் பக்கத்தால் சொட்டியது? இரண்டு மூன்று மழைக்கு இப்படி எழுதினால், பட்டறையில் நாங்கள் அரை நாள் செலவழித்துக் கண்டுபிடிப்பதை நீங்கள் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஸ்காபரோவில் ஓர் அண்ணனும் தங்கையும் சேர்ந்து பன்னிரண்டு வருடம் பாவித்த வண்டியொன்றை வாங்கியிருந்தார்கள். அவர்களின் தாயாருக்கு மொன்றியலில் இருக்கும் தன் தங்கையைப் பார்க்க வேண்டும். ரொறன்ரோவிலிருந்து ஏறத்தாழ 540 கிலோமீற்றர். முழங்கால் வருத்தத்தால் அவரால் காரில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்க முடியாது. அதற்காகவே வண்டி. ஆனால் வாங்கிய முதல் கோடையிலேயே ஏ.சி.யடியில் ஒழுகத் தொடங்கியது. தெரிந்த ஒருவர் ஏ.சி.யைச் சுற்றிவரச் சிலிக்கன் பூசிக் கொடுத்தார். நிற்கவில்லை. இன்னும் இரண்டு தரம் பூசினார்கள். ஒழுக்கு கூடியது. ஓர் இடத்தில் ஏ.சி.யையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் காசை எண்ணியே வண்டியை விற்றுவிடும் யோசனைக்கு வந்திருந்தார்கள்.

நான் போனபோது, பின்பக்க வாங்கிலில் இருந்த அந்த அம்மாதான் துப்பைத் தந்தார். "தம்பி, மழை பெய்யேக்கை ஒழுகிறேல்லை. விடிய வண்டி வெளிக்கிட்டு றோட்டிலை ஏறேக்கைதான் தடதடவெண்டு ஊத்துது. பிறகு நிண்டிடும். இதை நான் சொன்னால் ஒருத்தரும் கேக்கினமில்லை."

அது பொன்னான தகவல். அவர்கள் வண்டியைப் பின்பக்கமாகச் செலுத்தி வீட்டு முற்றத்தில் நிறுத்துவார்கள். முற்றம் வீதியை நோக்கிச் சரிவு. ஆகவே இரவு முழுவதும் வண்டியின் மூக்கு கீழே இருக்கும். ஏ.சி.க்கு முன்னால் எங்கோ நுழைந்த மழைநீர் கூரைக்குள்ளேயே முன்பக்கமாகத் தேங்கி நின்றிருக்கிறது. காலையில் வீதியில் ஏறி வேகம் எடுத்ததும் அந்தத் தண்ணீர் பின்னோக்கி ஓடி, வாசலைக் கண்டு கொட்டியிருக்கிறது. கஸ்கற்றால் வரும் தண்ணீர் இப்படி நடந்துகொள்வதில்லை.

உள்ளே பார்ப்பது

அடுத்தது உள்ளேயிருந்து பார்ப்பது. முதலில் மின்சாரம். கனடாவில் கூரை ஏ.சி. 120 வோல்ற்றில் ஓடுகிறது. வெளி மின்வடத்தைக் கழற்றுங்கள். ஜெனறேற்றரையும், இன்வேற்றர் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். பிறேக்கரையும் இறக்குங்கள். மின்பெட்டியைத் திறக்க வேண்டாம். மின்சாரம் நின்ற பின்னரும் கப்பாசிற்றரில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

பிறகு உட்கூரையில் இருக்கும் பிளாஸ்ரிக் மூடியைக் கழற்றுங்கள். சில திருகாணிகள்தான். ரோச் லைற்றை அடித்து வாசலின் நான்கு ஓரங்களையும் பாருங்கள், விரலால் தொட்டும் பாருங்கள். கூரையின் வெட்டுமுகம், அதாவது விரிப்பு, பிளைவூட், நுரை என்ற அடுக்குகள் அங்கே தெரியும்.

கஸ்கற்றின் உட்பக்கத்தில் நீர்க்கோடும் ஊத்தையும் இருந்து, தண்ணீர் மேலிருந்து வழிந்த அடையாளம் தெரிந்தால் கஸ்கற்றைச் சந்தேகியுங்கள். கஸ்கற்றடி காய்ந்திருக்க, பிளைவூட்டுக்கும் உட்கூரைக்கும் இடையிலிருந்து ஈரம் வந்தால் அது வேறிடத்து விருந்தாளி. எந்தப் பக்க ஓரம் அதிகம் கறுத்திருக்கிறதோ அந்தத் திசையில்தான் தேட வேண்டும். ஸ்காபரோ வண்டியில் கஸ்கற்றின் உட்பக்கம் காய்ந்து கிடந்தது. வாசலின் முன்பக்க வெட்டுமுகம் மட்டும் கறுத்து, விரலால் அழுத்தினால் கேக் போல உள்ளே போனது.

கடையில் வாங்கக்கூடிய ஈரமானி ஒன்று இருந்தால் நல்லது. இரண்டு ஊசிகளை மரத்தில் குத்தினால் ஈரத்தின் விகிதத்தைக் காட்டும். 20 வீதத்துக்கு மேல் காட்டும் மரம் ஈரமானது, உக்கத் தொடங்கக்கூடியது. வாசலிலிருந்து வெளிநோக்கி அடிக்கு ஒரு தரம் அளந்து போனால் தண்ணீர் வந்த பாதை வரைபடம் போலத் தெரியும். உட்கூரையில் ஊசித்துளை விழும் என்பதால், மூடி மறைக்கும் இடங்களிலும் மூலைகளிலும் குத்துங்கள்.

மேலே பார்ப்பது

கூரையில் ஏறுவதானால் கூரை காய்ந்திருக்க வேண்டும். ஒருவர் கீழே ஏணியைப் பிடிக்க வேண்டும். சில கூரைகள் ஆளின் பாரத்தைத் தாங்கக் கட்டப்பட்டவை அல்ல, வண்டியின் கையேட்டில் அது இருக்கும். நடக்க வேண்டாம். அகலமான பிளைவூட் துண்டொன்றைப் போட்டு முழங்காலில் நகருங்கள். காலடியில் கூரை மெத்தை போல அமிழ்ந்தால் உடனே இறங்கிவிடுங்கள், அதற்குக் கீழே மரம் உக்கியிருக்கிறது. தலைச்சுற்று, முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் இதை இளையவர்களிடம் விட்டுவிடுங்கள். வண்டியைக் காப்பாற்றப் போய் இடுப்பெலும்பை முறிக்கக் கூடாது.

மேலே முதலில் ஏ.சி.யைச் சுற்றிக் குளம் தேங்கிய அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்த சேற்று வளையம் அதைக் காட்டித் தரும். பிறகு ஒவ்வொரு பொருத்திலும் பூசியிருக்கும் கூரைப்பசையைப் பாருங்கள். அது வெடித்திருக்கிறதா, ஓரம் கிளம்பியிருக்கிறதா, திருகாணித் தலை வெளியே தெரிகிறதா? எங்கள் ஒன்ராறியோக் காலநிலை இந்தப் பசைக்குப் பெரிய எதிரி. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பருக்கும். மயிரிழை வெடிப்புக்குள் போன தண்ணீர் இரவில் உறைந்து, பகலில் உருகி, மீண்டும் உறைந்து, ஒரே மாரியில் அந்த வெடிப்பை விரலிடுக்கு ஆக்கிவிடும்.

தண்ணீர்ச் சோதனை

சந்தேகத்துக்குரிய இடங்களைக் குறித்துக்கொண்ட பின்னர், தோட்டத்துக்கு நீர் விடும் குழாயால் சோதிக்கலாம். உள்ளே எல்லாம் காய்ந்திருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். மின்சாரம் நிறுத்தப்பட்டே இருக்கட்டும். உள்ளே ஒருவர் ரோச் லைற்றோடு இருக்க வேண்டும். வாசலின் நான்கு ஓரங்களிலும் கடதாசித் துவாயை மடித்துச் செருகுங்கள். ஒரு துளி பட்டாலும் அது காட்டிக்கொடுக்கும்.

அழுத்தம் கூடிய இயந்திரக் குழாயைப் பாவிக்க வேண்டாம். அது நல்ல பொருத்தையும் பிரித்து, இல்லாத ஒழுக்கை உண்டாக்கும். மழை போல மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். சரிவின் கீழ்ப்பக்கத்தில் தொடங்கி மேல்நோக்கிப் போங்கள். மேலே தொடங்கினால் தண்ணீர் எல்லாப் பொருத்துகள் மேலும் ஓடி, எது குற்றவாளி என்று தெரியாமல் போகும். ஒரு நேரத்தில் ஓரிடம் மட்டும், ஒவ்வொன்றுக்கும் 10 முதல் 15 நிமிடம். பொறுமை வேண்டும், ஏனென்றால் நுழைந்த தண்ணீர் நடந்து வர நேரம் எடுக்கும். வண்டியின் மூக்கை வழக்கமாக நிற்கும் சாய்விலும், பிறகு மறுபக்கச் சாய்விலும் வைத்துப் பார்ப்பது நல்லது.

ஸ்காபரோ வண்டியில் ஏ.சி.யைச் சுற்றித் தண்ணீர் விட்டோம், கடதாசி நனையவில்லை. ஏ.சி.க்கு ஆறடி முன்னால், தூக்கி இறக்கும் பழைய ரீ.வி. அன்ரெனாவின் அடித்தகட்டில் பசை வெடித்திருந்தது. அங்கே தண்ணீர் விட்டு, 12 நிமிடத்தில் வாசலின் முன்பக்கக் கடதாசி நனைந்தது. அவர்கள் வாங்கியபின் ஒரு நாளும் பாவித்திராத அன்ரெனா அது.

வீட்டில் அகப்படாத ஒழுக்குக்குப் பட்டறைகளில் இன்னொரு சோதனை உண்டு. வண்டியை மூடி, காற்றூதியால் உள்ளே மெல்லிய அழுத்தம் ஏற்படுத்தி, வெளியே சவர்க்காரத் தண்ணீரைப் பூசுவோம். ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி எழும். சைக்கிள் ரியூப்பை வாளித் தண்ணீரில் அமிழ்த்திப் பார்ப்பது போலத்தான்.

திருத்துவது

கஸ்கற்தான் காரணம் என்று உறுதியானால், நான்கு போல்ற்றுகளையும் குறுக்குமறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக, சமனாக இறுக்க வேண்டும். பல மாதிரிகளுக்குக் கையேடு சொல்வது 40 முதல் 50 அங்குல பவுண்ட். அது கையால் மெதுவாக இறுக்கும் அளவுதான். அப்போது கஸ்கற் ஏறத்தாழ அரை அங்குலத் தடிப்புக்கு நசுங்கியிருக்கும். பலத்தைக் காட்டி இறுக்கினால் ஏ.சி.யின் அடித்தட்டு வளையும், கூரையும் பதியும். கஸ்கற் ஏற்கெனவே அதைவிட மெலிந்து உயிரற்றுப் போயிருந்தால் இறுக்குவதில் பயனில்லை, புதிது போட வேண்டும். அதற்கு ஏ.சி.யைத் தூக்க வேண்டும். இருவர் வேலை. கூரை பதிந்திருந்தால் அதைச் சீராக்கிவிட்டே புதிய கஸ்கற்றைப் போட வேண்டும், இல்லாவிட்டால் மீண்டும் குளம் தேங்கும்.

ஏ.சி.யைச் சுற்றிவரச் சிலிக்கன் பூசாதீர்கள். இதைத் தடித்த எழுத்தில் வாசித்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். ஏ.சி.யின் தட்டிலிருந்து வடியும் தண்ணீருக்கு வெளியேறும் வழி அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. அதை மூடினால் தண்ணீர் அணைக்கட்டுக்குள் போலத் தேங்கி, உள்ளே வழியும். ஸ்காபரோ வண்டியில் சிலிக்கன் பூசப் பூச ஒழுக்கு கூடியதன் காரணம் இதுதான். ஒரு ஒழுக்கு இருந்த இடத்தில் இரண்டு ஆகிவிட்டது. அந்தச் சிலிக்கனைச் சுரண்டி எடுக்கவே எங்களுக்கு அரை நாள் பிடித்தது.

மற்றப் பொருத்துகளுக்கும் குளியலறைச் சிலிக்கன் வேண்டாம். றப்பர்க் கூரையில் அது நிலையாக ஒட்டாது. அது இருந்த இடத்தில் பின்னர் வேறெதுவும் ஒட்டாது. ஆர்.வி. கடையில் லாப் சீலன்ற் என்று கேளுங்கள், உங்கள் கூரை எந்த வகை என்பதையும் சொல்லுங்கள். தட்டையான இடத்துக்குத் தானாகப் பரவிச் சமனாகும் வகை, சரிவுக்கும் சுவருக்கும் வழியாத வகை என இரண்டு உண்டு. கிளம்பிய பழைய பசையைப் பிளாஸ்ரிக் சுரண்டியால் எடுத்து, கூரை உற்பத்தியாளர் சொல்லும் துப்புரவாக்கியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பூசுங்கள். ஈ.பி.டி.எம். றப்பரில் பெற்றோல், மண்ணெண்ணெய் போன்றவற்றைத் தொடவே கூடாது, றப்பர் ஊதிக் கிளம்பிவிடும். அடித்தகட்டையே கழற்றிப் பூட்டுவதானால் அதன்கீழ் பியூற்றைல் ரேப் வைத்து, மேலே பசை பூசுங்கள்.

மூடுவதற்கு முன் காயவிடுங்கள்

வெளியே அடைத்தவுடன் வேலை முடிந்துவிட்டது என்று உள்மூடியைப் பூட்டிவிடக் கூடாது. உள்ளே இருக்கும் ஈரம் இப்போது வெளியேற வழியின்றிச் சிறைப்பட்டிருக்கிறது. நனைந்த பொருட்களை 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் காயவைத்தால் பெரும்பாலும் பூஞ்சணம் பிடிக்காது என்பது பொதுவான அறிவுரை. பல வாரம் ஊறிய மரம் காய அதைவிட நாள் எடுக்கும். மூடியைத் திறந்தபடி விட்டு, மின்விசிறியும் ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் போட்டு, ஈரமானி குறைந்து நிற்கும் வரை பொறுத்திருங்கள். விரல் உள்ளே போகும் மரத்தை வெட்டி எடுத்து மாற்றத்தான் வேண்டும்.

கறுத்த பூஞ்சணத்தைக் கண்டால் முகக்கவசமும் கையுறையும் போடுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளையும் வயதானவர்களையும் அந்த வண்டியில் படுக்க விடாதீர்கள். ஒழுக்கின் உண்மையான விலை அங்கேதான் இருக்கிறது. மரத்தை மாற்றலாம், நெஞ்சை மாற்ற முடியாது.

ஸ்காபரோ வண்டியில் அன்ரெனாவைக் கழற்றி, துளையை அலுமினியத் தகட்டால் மூடிப் பசை பூசினோம். வாசலின் முன்பக்கத்தில் இரண்டடி நீள மரத்தை மாற்றினோம். பத்து நாள் காயவிட்டோம். ஏ.சி. பழையதேதான். இன்னொரு மாரி தாண்டியிருந்தால் முன்பக்க உட்கூரையே இறங்கியிருக்கும். அந்த அம்மா அடுத்த மாதமே மொன்றியலுக்குப் போய்த் தங்கையோடு பத்து நாள் இருந்துவிட்டு வந்தார்.

வாங்கப் போகிறவர்களுக்கும் வைத்திருப்பவர்களுக்கும்

பாவித்த வண்டி பார்க்கப் போகும்போது, மழை பெய்த மறுநாள் போங்கள். கதவைத் திறந்ததும் முதலில் மணந்து பாருங்கள். வாசனைத் திரவியம் அடித்து வைத்திருந்தால் இன்னும் கவனமாக மணந்து பாருங்கள். அலுமாரிகளின் மேல்மூலை, ஏ.சி. மூடியைச் சுற்றியுள்ள உட்கூரை, முன்கட்டிலின் மெத்தைக்குக் கீழே ஆகிய இடங்களில் கறையோ, அலையலையாக ஊதிய தகடோ இருக்கிறதா என்று பாருங்கள். ஏ.சி.யைச் சுற்றித் தடிப்பாகச் சிலிக்கன் பூசியிருந்தால், முன்னைய சொந்தக்காரர் ஒழுக்கோடு போராடித் தோற்றிருக்கிறார் என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

வைத்திருப்பவர்கள், வருடத்துக்கு இரண்டு தரமாவது கூரையைப் பாருங்கள். பனி கரைந்த பின்னர் ஒரு தரம், மாரிக்கு மூடி வைக்க முன்னர் ஒரு தரம். ஒரு குழாய் பசையும் ஒரு பிற்பகலும் போதும். காப்புறுதி இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். திடீரென மரம் முறிந்து விழுந்து கூரை உடைந்தால் ஒரு கதை. நாளடைவில் பராமரிப்பின்றி ஏற்படும் ஒழுக்கைப் பெரும்பாலான காப்புறுதிப் பத்திரங்கள் ஏற்பதில்லை. உங்கள் பத்திரத்தை எடுத்து ஒரு தரம் வாசியுங்கள், ஆங்கிலம் சிரமமென்றால் பிள்ளைகளைக் கொண்டு வாசிப்பியுங்கள்.

வண்டிக்குள் அதிக நேரம் இருப்பவர் யாரோ, அவரிடம் முதலில் கேளுங்கள். ஓட்டுபவர் வீதியைப் பார்க்கிறார். பிள்ளைகள் கைத்தொலைபேசியைப் பார்க்கிறார்கள். எங்கே, எப்போது, எவ்வளவு சொட்டியது என்பது பின்வாங்கிலில் பாத்திரம் ஏந்திக்கொண்டிருக்கிறவருக்குத்தான் தெரியும்.

அடுத்த மாத உரையில், மாரி காலத்துக்கு வண்டியின் தண்ணீர்க் குழாய்களை வெறுமையாக்கி வைக்கும் முறை பற்றிப் பேசுவேன். உங்கள் கேள்விகளை வழக்கம்போல் நிலையத்துக்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள்.